திங்கட்கிழமையும் ஓட வேண்டிய கார்

ஏப்ரல் சீசன் நெருங்கினால் அக்கா மகன் என்னைத் தேடித் தலவாக்கலைக்கு வந்துவிடுவான். இந்த முறை வந்ததும் கேட்டான்: "மாமா, மாகஸ்தோட்டையில ஏறணும். இருக்கிற காரையே செஞ்சுக்கிறதா, வேற ஒன்னு எடுக்கிறதா?" நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய, காரில் மலை ஏறும் போட்டி அது. அந்த வழியில் ஒரு தடவையாவது ஏற வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்ததுதான். அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்ஜினை விட்டுவிடுங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜினின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இறங்கும். ஃபில்டரும் சைலன்சரும் மாற்றிக் கிடைக்கும் சக்தி அந்த இழப்பைக்கூட ஈடுகட்டாது. காசை பிரேக்கில் போடுங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டது ரதல்ல குறுக்கு வீதியில். நானுஓயாவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம், மனைவியும் பிள்ளைகளும் காரில். பாதி இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்துத் தேயிலை ஓரமாக நிறுத்தினேன். மறுநாள் மூடியைத் திறந்தால் பிரேக் ஒயில் பிளேன்டீ நிறத்தில் இருந்தது. புது ஒயில் தெளிந்த இளமஞ்சளாக இருக்கும். நாளாக ஆக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டொட் 3 என்ற தரத்து ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை தாங்கும், ஈரம் ஏறினால் 140 வரைதான். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினாலும் 155. கொதித்த ஒயிலில் ஆவிக் குமிழி உண்டாகும். மிதிக்கும்போது அமுங்குவது அந்தக் குமிழிதான், பிரேக் பிடிக்காது.

ஆகவே வீட்டுக் காருக்குப் புது டொட் 4 ஒயில், நல்ல பேட், வெடிப்பில்லாத பிரேக் ஹோஸ், தேயாத டயர். அப்புறம் சஸ்பென்ஷனில் தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றி அலைன்மென்ட் பாருங்கள். முதல் வருடத்துக்கு இவ்வளவும் போதும். இதில் எதுவும் வீண் போகாது, அன்றாட ஓட்டத்துக்கும் இவைதான் வேண்டும்.

அதற்கு மேல் போகாதீர்கள். ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தினால் தோட்டத்துப் பாதையில் முதல் கல்லே என்ஜினுக்கு அடியில் உள்ள ஒயில் தொட்டியில், அதாவது சம்பில், இடிக்கும். காடி குறைந்த போட்டி டயர் நம் ஊர் மழையில் தண்ணீரை வெளியே தள்ளாது. உள்ளே குழாய்களால் இரும்புக் கூடு அடிக்கும் யோசனையே வேண்டாம். ஹெல்மெட் போட்டவருக்கு அது காவல். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் வெறும் தலைக்கு அதே குழாய்தான் ஆபத்து.

லீசிங் முடியாத காரைப் போட்டிக்கு இறக்காதீர்கள் என்று அவனிடம் இரண்டு தடவை சொன்னேன். சாதாரண வாகனக் காப்புறுதியில் பந்தயத்துக்கு இடமில்லை. கார் உருண்டாலும் மாதத் தவணை நிற்காது.

இரண்டு மூன்று போட்டி ஓடிய பிறகும் ஆசை அடங்கவில்லையா? சரி, அப்போது இரண்டாவது கார் தேடுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலையும் எங்கேயோ போய்விட்டது. அதனால் பெயின்ட் போன, சீட் கிழிந்த காரைப் பாருங்கள். முன் ஷாக் ஏறும் இடத்திலும் ஜாக் வைக்கும் இடத்திலும் மட்டும் துரு இருக்கக் கூடாது. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சேசிஸ் நம்பரை வாகனப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

என் யோசனை, வீட்டில் நிற்கும் அதே மொடலையே எடுங்கள். என்னிடம் இரண்டும் பழைய நிசான் சன்னிதான். ரிம், பேட், பெல்ட் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஒன்றின் சத்தம் பழகியவனுக்கு மற்றதில் எங்கே கோளாறு என்று காதே சொல்லிவிடும். எங்கே ஓடப் போகிறீர்கள் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். மாகஸ்தோட்டை தார் வீதி, தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் மண் பந்தயப் பாதை. ஒன்றுக்குச் செய்த சஸ்பென்ஷன் மற்றதற்கு ஆகாது. எந்தப் பிரிவில் எதை மாற்றலாம் என்ற விதிகளைப் படித்த பிறகு சாமான் வாங்குங்கள்.

போன ஞாயிறு அவன் ஒரு போத்தல் டொட் 4 வாங்கிக்கொண்டு வந்தான். அவனை பெடலில் உட்கார வைத்துவிட்டு பழைய ஒயிலை வெளியேற்ற நான் பின் இடது சக்கரத்திலிருந்து தொடங்கினேன். "மிதி, பிடி, விடு" என்று சொல்லிக்கொண்டே குழாயைப் பார்த்தேன். முதலில் பிளேன்டீ வந்தது, பிறகு குமிழிகள், கடைசியில் தெளிந்த மஞ்சள். அடுத்த ஞாயிறு டயர் பார்க்க ஹட்டனுக்குப் போகிறோம்.