ஊருக்கு வந்த இடத்தில் குழந்தைக்கு வேறு கார் சீட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் வாடகைக் கார் தொழிலில் இருக்கிறேன். கோடை விடுமுறையிலும் டிசம்பரிலும் அமெரிக்கா, லண்டன், துபாய் என்று பல ஊர்களிலிருந்து பேரன் பேத்திகள் வந்து இறங்குவார்கள். கூடவே வரும் குழந்தை சீட் சில நேரம் வழியில் உடைந்துவிடும், சில நேரம் வந்தே சேராது. உடனே வேறு சீட் தேடி ஓட்டம் தொடங்கும். முதல் தடவை வரும் பெற்றோர்களும் தொழிலுக்குப் புதிதாக வரும் டிரைவர்களும் அந்த ஓட்டத்தில் ஒரே மாதிரி தவறுகளைச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். எல்லோருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன்.

புகார் எழுதாமல் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வருவது

வெளியே தாத்தா பாட்டி காத்திருக்கிறார்கள் என்ற அவசரத்தில் யாரும் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. துணி உறையை விலக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் ஓட்டில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தாலோ, உள்ளே இருக்கும் தெர்மாகோல் உடைந்திருந்தாலோ அந்த சீட்டில் குழந்தையை உட்கார வைக்கக் கூடாது. அங்கேயே போட்டோ எடுத்து, விமான நிறுவனத்தின் கவுன்டரில் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். இந்தியாவும் ஏற்றிருக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதம் பற்றிய புகாரை, சாமான் கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். குலதெய்வம் கும்பிட்டு, ராமேஸ்வரம் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் கெடு தாண்டிவிடும். விவகாரம் முடியும்வரை உடைந்த சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

காரைப் பார்க்காமல் சீட் வாங்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தரும் தவறு இதுதான். இறங்கிய அன்று ராத்திரியே வீட்டில் யாராவது போனை எடுத்து, இருப்பதிலேயே விலை கூடிய சீட்டை ஆர்டர் போட்டுவிடுவார்கள். சீட் நல்ல சீட்தான். அதை எந்தக் காரில் மாட்டப் போகிறோம் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

குழந்தை சீட்டைக் காரோடு பிணைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று ஐசோஃபிக்ஸ். பின் சீட்டின் முதுகும் அடிப்பாகமும் சேரும் இடுக்கில் இரண்டு இரும்புக் கம்பிகள் இருக்கும், சீட்டின் கொக்கிகள் அவற்றைக் கவ்விக்கொள்ளும். இன்னொன்று காரின் சீட் பெல்ட். சமீப வருடங்களில் வந்த கார்கள் பலவற்றில் ஐசோஃபிக்ஸ் இருக்கிறது. தாத்தா பதினைந்து வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் காரிலும் பழைய வாடகை வண்டிகளிலும் அதை எதிர்பார்க்க முடியாது. சில சீட்டுகளோ ஐசோஃபிக்ஸ் இல்லாமல் உட்காரவே உட்காராது.

டல்லாஸிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வக் கோயிலில் பையனுக்கு மொட்டை, காதுகுத்து. கொண்டுவந்த சீட் விரிசல் விட்டிருந்ததால் புதுசு வாங்கிவிட்டார்கள். ஐசோஃபிக்ஸில் மட்டுமே மாட்டக்கூடியது. போக வேண்டியது தாத்தாவின் பழைய காரில். அதில் கம்பி கிடையாது. பெல்ட்டை எப்படியோ குறுக்கே சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு கையால் தள்ளிப் பார்த்தேன், தூளி மாதிரி ஆடியது. கடைக்காரர், பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்று சொல்லித் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்.

பணம் போனதைக்கூட விடுங்கள். அந்த வெறுப்பில் சீட்டே வேண்டாம் என்று முடிவெடுத்தார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சீட் பரணுக்குப் போனது, பையன் பாட்டி மடிக்கு வந்தான்.

"நாங்கல்லாம் பிள்ளைகள மடியில வச்சுத்தானப்பா கூட்டிட்டுப் போனோம்" என்றார் தாத்தா.

"அப்ப ரோட்டுல இந்த வேகம் இல்லைங்கய்யா" என்றேன்.

50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், 10 கிலோ குழந்தையை மடியிலேயே பிடித்து நிறுத்த இருநூறு, முந்நூறு கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தப் பாட்டியின் கைக்கும் அது கிடையாது. அம்மாவின் கைக்கும் கிடையாது.

சரி, பெல்ட்டில் மாட்டும் சீட்டாகவே வாங்கிவிட்டீர்கள். இங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்கக் கார்களில் பின் சீட் பெல்ட்டைப் பூட்டிவிட முடியும். பல கார்களில் அதைக் கடைசிவரை இழுத்துவிட்டால் போதும், அப்புறம் உள்ளே மட்டும்தான் போகும், வெளியே வராது. அதனால் சீட் இறுக்கமாக நிற்கும். இங்கே ஓடும் கார்கள் பலவற்றில் பெல்ட், பிரேக் அடித்தாலோ வெடுக்கென்று இழுத்தாலோதான் பூட்டும், மற்ற நேரம் தளர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே வாங்கும் சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சீட் முழுசாக வந்து சேர்ந்திருந்தாலும் இதே சோதனை வேண்டும். அதில் பூட்டு இல்லையென்றால், பெல்ட்டின் இரண்டு பட்டைகளையும் சேர்த்துப் பிடிக்கும் சின்ன இரும்பு கிளிப் ஒன்று சீட்டின் பின்பக்கமோ அடியிலோ செருகியிருக்கலாம். அதை எங்கே மாட்டுவது என்பது சீட்டோடு வந்த புத்தகத்தில் படத்தோடு இருக்கும்.

இன்னொன்று, வாடகை வண்டிகளில் அழகுக்குப் போட்ட சீட் கவருக்கு அடியில் பக்கிள் புதைந்து கிடக்கும். பல பழைய வண்டிகளில் நடு இடத்தில் இடுப்புக்கு மட்டும்தான் பெல்ட், தோளுக்குக் கிடையாது. முதல் நாளே டிரைவருக்குப் போன் போட்டு, "அண்ணே, பின் சீட் கவரைக் கழட்டி பக்கிளையும், சீட் முதுகும் அடியும் சேர்ற இடுக்கையும் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேளுங்கள். எந்த டிரைவரும் மறுக்க மாட்டார். அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு சீட் வாங்குங்கள். முடிந்தால் காரையே கடைக்கு ஓட்டிப் போய், மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மாட்டிய பிறகு, பெல்ட் நுழையும் இடத்தில் கை வைத்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் இன்னும் இறுக்க வேண்டும்.

கைப்பிடி வைத்ததெல்லாம் கார் சீட் என்று நினைப்பது

கைக்குழந்தையைப் படுக்க வைத்துத் தூக்கிப் போக, கடைகளில் கேரி காட் என்று விற்பதில் சிலவற்றைக் காரில் மாட்டலாம், சிலவற்றை மாட்டக் கூடாது. லேபிளில் ஐரோப்பியத் தரங்களான ஈசிஈ ஆர்44/04, ஆர்129 அல்லது நம் நாட்டுத் தரமான ஏஐஎஸ்-072 இருக்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

பக்கத்து வீட்டுப் பரணிலிருந்து இரவல்

அந்த சீட் விபத்தில் சிக்கியதா என்று உறுதியாகச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் வேண்டாம்.

வாங்கியதைத் திரும்பும்போது கொண்டுபோகலாம் என்ற கணக்கு

கொண்டுதான் போகப் போகிறோமே என்று அதிக விலையில் வாங்குகிறார்கள். இங்கே கிடைக்கும் சீட்டுகளில் பெரும்பாலானவை ஐரோப்பியத் தரத்தை ஒட்டியவை. அமெரிக்காவில் அவர்களுடைய தனித் தரத்துக்குச் சான்று உள்ள சீட்தான் செல்லும். ஐரோப்பிய லேபிள் மட்டும் உள்ள சீட் அங்கே செல்லாது, கம்பெனி பெயர் ஒன்றாகவே இருந்தாலும். கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தனித்தனி முத்திரை உண்டு. குழந்தையின் எடைக்கும் உயரத்துக்கும் பொருந்தி, காரில் இறுக்கமாக நிற்கும் நடுத்தர விலை சீட் போதும்.

"பக்கத்துலதானே, அழகர்கோயிலுக்குத்தானே"

ரோட்டில் எதிரே வரும் லாரிக்கு அது தெரியாது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1000 ரூபாய் அபராதமும் உண்டு.

கொடைக்கானல் ஜெர்கின்

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதும் குளிருக்கு ஜெர்கின் போட்டு, அதன் மேல் குழந்தை சீட்டின் பட்டையை மாட்டுவார்கள். பஞ்சு அமுங்கினால் பட்டை தொளதொளக்கும். முதலில் பட்டையை மாட்டுங்கள், அதன் மேல் போர்வையைப் போர்த்துங்கள்.

முன் சீட்டில் பின்னோக்கி வைப்பது

ஏர்பேக் இருக்கும் முன் சீட்டில் ஒருபோதும் வேண்டாம்.

சீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போவது

அடுத்த தடவைக்கு ஆகும் என்று தாத்தா வீட்டில் விட்டுப் போகிறவர்கள், புத்தகத்தையும் வாங்கிய பில்லையும் சீட்டின் உறைக்குள்ளேயே செருகிவிட்டுப் போங்கள். ஓட்டின் பின்பக்கம் தயாரித்த தேதி இருக்கும், பல சீட்டுகளில் எத்தனை வருடம் பயன்படுத்தலாம் என்றும் இருக்கும், இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடிக் கொட்டகையில் வைக்க வேண்டாம், மதுரை வெயில் பிளாஸ்டிக்கை விடாது. பீரோ மேலேயோ கட்டிலுக்கு அடியிலேயோ துணி சுற்றி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த விடுமுறைக்கு டிக்கெட் போடும் முன், குழந்தை அந்த சீட்டுக்குச் சொல்லியிருக்கும் எடையையும் உயரத்தையும் தாண்டிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.