உணவகச் சமையற்கூடத்தில் ஹீட் டிடெக்டர் பொருத்தும் முறை

உணவகச் சமையற்கூடத்தில் புகை உணரியை மாட்டினால், மிளகாய் தாளிக்கும்போதும் இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போதும் அலாரம் அடிக்கும். சில நாட்களில் யாரேனும் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஆகவேதான் அங்கே வெப்பத்தை மட்டும் உணரும் ஹீட் டிடெக்டரைப் பொருத்துகிறோம். எனினும் தீ வளர்ந்து, கூரையை ஒட்டிய காற்று சூடேறிய பிறகே அது செயல்படும் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ளுங்கள். மனிதர்கள் உறங்கும் அறையில் புகை உணரிக்குப் பதிலாக இதை ஒருபோதும் வைக்கக் கூடாது. தூங்குபவரை இது எழுப்புவதற்குள் புகை அவர் உயிரைப் பறித்திருக்கக்கூடும்.

கீழே உள்ள விளக்கம் 24 வோல்ட்டில் இயங்கும் கன்வென்ஷனல் பேனலுக்கானது; அதாவது, டிடெக்டர்களைத் தனித்தனியாகக் காட்டாமல், ஸோன் எனப்படும் பகுதிவாரியாகக் காட்டும் அலாரக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கானது. பேனலுக்குள் செய்யும் இணைப்பைப் பயிற்சி பெற்ற டெக்னீசியன் ஒருவரை உடன் வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

படி 1: வகையைத் தேர்ந்தெடுத்தல்

ஹீட் டிடெக்டரில் இரண்டு அடிப்படை வகைகள் உள்ளன. ஒன்று, குறிப்பிட்ட வெப்பநிலையைத் தொட்டதும் இயங்குவது. மற்றொன்று, வெப்பம் ஏறும் வேகத்தைக் கவனிப்பது. இவற்றில் பல, நிமிடத்துக்குச் சுமார் 8 டிகிரி செல்சியஸ் வேகத்தில் ஏறினால் இயங்கும்படி அமைக்கப்பட்டவை. கொப்பரையின் மூடியைத் திறந்ததும் ஆவி குபீரென்று மேலேறும் இடத்தில் இரண்டாவது வகை வீணாக அலாரம் எழுப்பும். ஆகவே அடுப்புப் பகுதிக்கு முதல் வகையையும், வெப்பம் அதிகம் மாறாத மளிகை அறைக்கு இரண்டாவது வகையையும் தேர்ந்தெடுப்பது நல்லது.

அடுத்தது, எத்தனை டிகிரியில் இயங்கும் டிடெக்டர் என்னும் கேள்வி. இதைக் கடைக்காரரிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். கோடைக்கால மதியத்தில், எல்லா அடுப்புகளும் எரியும் வேளையில், கூரைக்கு அருகே ஒரு வெப்பமானியை வைத்து அளந்து பாருங்கள். டிடெக்டரின் இயக்க வெப்பநிலை அந்த இடத்தின் உச்ச வெப்பத்தைவிடக் குறைந்தது 11 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் என்எஃப்பிஏ 72 விதி. ஐரோப்பியத் தரநிலையான இஎன் 54-5, 54 முதல் 65 டிகிரிக்குள் இயங்குவதை ஏ1 வகுப்பு என்றும், 69 முதல் 85 டிகிரிக்குள் இயங்குவதை பி வகுப்பு என்றும் பிரிக்கிறது. தகரக் கூரையின் கீழ் அளவு 50 டிகிரியைத் தொட்டால், பி வகுப்பை வாங்குங்கள்.

படி 2: இடத்தைக் குறித்தல்

சமமான கூரையில் எந்தப் புள்ளியும் ஒரு ஹீட் டிடெக்டரிலிருந்து 5.3 மீட்டருக்கு மேல் விலகியிருக்கக் கூடாது என்பது பிரிட்டிஷ் தரநிலையான பிஎஸ் 5839-1 தரும் அளவு. 9 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள சமையற்கூடத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒன்று போதும் என்றே கண்ணுக்குத் தோன்றும். ஆனால் நடுப்புள்ளியிலிருந்து மூலைக்கு உள்ள தொலைவு 5.41 மீட்டர், ஆகவே இரண்டு தேவை. இந்தக் கணக்கைத் தாளில் வரைந்து பார்த்த பிறகே துளையிடுங்கள்.

உணரும் பகுதி கூரையிலிருந்து 25 முதல் 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். சுவரிலிருந்து அரை மீட்டரும், காற்று உள்ளே வரும் திறப்பிலிருந்து ஒரு மீட்டரும் விலகியிருக்க வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம்.

படி 3: வயரிங்

பேனலின் மின்சாரத்தை நிறுத்துவதோடு, உள்ளே உள்ள பேட்டரிகளின் இணைப்பையும் கழற்றுங்கள். பலர் மறப்பது இந்த இரண்டாவதைத்தான். தீ தாங்கும் கேபிளைத் தனிப் பைப்பில் கொண்டு செல்லுங்கள். வீட்டு மின்சார வயரோடு சேர்த்து இழுக்கக் கூடாது.

வயர் முதல் பேஸில் (டிடெக்டரை மாட்டும் அடித்தட்டு) நுழைந்து, அதிலிருந்து வெளியேறி, அடுத்த பேஸுக்குச் செல்ல வேண்டும். வசதிக்காக நடுவில் கிளை பிரித்தால், அந்தக் கிளை அறுந்தாலும் பேனலுக்குத் தெரியாது. கடைசி பேஸில், பேனல் தயாரிப்பாளர் குறிப்பிட்ட மதிப்புள்ள எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டரைப் பொருத்துங்கள். இதன் வழியே எப்போதும் ஓடும் சிறு மின்னோட்டம் நின்றால் பேனல் ஃபால்ட் காட்டும். டிடெக்டர் இயங்கி மின்னோட்டம் கூடினால் தீ என்று அறிவிக்கும். இந்த ரெசிஸ்டரைப் பேனலுக்குள்ளேயே மாட்டிவிட்டுச் செல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் வெளியே வயர் முழுதும் அறுந்து கிடந்தாலும் பேனல் நலம் என்றே சொல்லும். இது உயிரோடு விளையாடும் செயல்.

வயரின் இன்சுலேஷனை அளக்கும் கருவியான மெகரை வைத்துச் சோதிப்பதாயின், டிடெக்டர்களைப் பொருத்துவதற்கு முன்பே, பேனலிலிருந்தும் வயரைப் பிரித்து வைத்துச் செய்யுங்கள். அதன் உயர் மின்னழுத்தம் உள்ளிருக்கும் மின்னணுப் பகுதியைக் கெடுத்துவிடும்.

படி 4: சோதனை

கட்டடத்தில் உள்ள அனைவருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். முதலில் ஒரு டிடெக்டரைக் கழற்றுங்கள். பேனலில் ஃபால்ட் விளக்கு எரிய வேண்டும். ஒவ்வொன்றாக எல்லாவற்றிலும் இதைச் செய்த பின், வெப்பச் சோதனைக் கருவியால் சூடேற்றிப் பாருங்கள். தீக்குச்சி, லைட்டர் போன்ற சுடர் எதுவும் கூடாது. உருகும் உலோகத்தால் இயங்கும் டிடெக்டர் ஒரு முறை இயங்கினால் அதோடு முடிந்தது; அதைச் சூடேற்றிச் சோதிக்காதீர்கள். டிடெக்டரின் சிவப்பு விளக்கு எரிந்து, பேனலில் சரியான ஸோன் தெரிந்து, ஒலி கடைசி அறை வரை கேட்ட பிறகு, டிடெக்டர் ஆறட்டும். பின்னர் ரீசெட் செய்யுங்கள்.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை

சுவருக்கு வண்ணம் அடிக்கும்போது டிடெக்டரை மூடி, வேலை முடிந்ததும் மூடியை எடுத்துவிடுங்கள். பெயின்ட் பட்ட டிடெக்டரைச் சுரண்டிப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் எல்லாவற்றையும் சோதித்து, தேதியோடு பதிவேட்டில் எழுதுங்கள். ஹீட் டிடெக்டரால் சமையல் எரிவாயுக் கசிவை உணர முடியாது; அந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால், அதற்கான உணரியைத் தரைக்கு அருகே தனியாக வைக்க வேண்டும்.

அலாரம் அடித்தால், பேனலில் ஒலியை நிறுத்தும் பொத்தானுக்கு முதலில் கை போகக் கூடாது. ஆட்களை வெளியேற்றுங்கள், பாதுகாப்பாக எட்ட முடிந்தால் எரிவாயு வால்வை மூடுங்கள், 101-ஐ அழையுங்கள்.