வெப்சைட்டின் முகத்தைப் பார்க்காதீர்கள், அது என்ன செய்யச் சொல்கிறது என்று பாருங்கள்

உளவு மென்பொருளைக் கணினியில் இறக்கிவிடும் வெப்சைட் எப்படி இருக்கும் என்று கேட்டால், பலர் மனதில் ஒரே படம்தான் இருக்கிறது. கண்ணைப் பறிக்கும் நிறங்கள், எழுத்துப் பிழைகள், மின்னி மின்னி ஓடும் விளம்பரங்கள். அப்படிப்பட்ட தளங்கள் இன்றும் உண்டு. ஆனால் அதிக சேதம் செய்பவை அவை இல்லை. ஒரு பெரிய நிறுவனத்தின் பக்கத்தை லோகோ, எழுத்துரு, பட்டன் உட்பட அப்படியே நகலெடுக்கச் சில நிமிடங்கள் போதும். எனவே தளத்தின் தோற்றத்தை வைத்து அதன் யோக்கியதையை எடைபோடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

தோற்றத்தை நம்ப முடியாது என்றால் வேறு எதைப் பார்ப்பது? இதற்குப் பதில் பிரவுசர் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. இன்றைய பிரவுசர்கள் நீங்கள் திறக்கும் பக்கத்தைத் தனி அடைப்புக்குள் வைத்து ஓட்டுகின்றன. பக்கத்தில் இருக்கும் நிரல் தன் இஷ்டத்துக்கு உங்கள் ஹார்டு டிஸ்க்கைத் தொட முடியாது, புரோகிராம் எதையும் நிறுவ முடியாது. அந்த அடைப்பை உடைக்க வேண்டுமென்றால் இன்னும் சரிசெய்யப்படாத ஓட்டை ஒன்று கையில் இருக்க வேண்டும். அது சுலபத்தில் கிடைக்கும் சரக்கு இல்லை. அதனால் பெரும்பாலான மோசடித் தளங்கள் உங்கள் கையையே நம்பியிருக்கின்றன. ஏதோ ஓர் இடத்தில் அவை உங்களிடம் ஒரு வேலை சொல்லியே ஆக வேண்டும்: இதை இறக்கு, இதை அனுமதி, இந்த எண்ணுக்குக் கூப்பிடு, இதை ஒட்டி என்டர் தட்டு. தளம் தன்னைக் காட்டிக்கொடுப்பது அந்த இடத்தில்தான்.

பூட்டுப் படம் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு தெரிந்தால் தளம் பாதுகாப்பானது என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். அந்தப் பாடத்தை இப்போது திருத்த வேண்டும். உங்கள் கணினிக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே அந்தப் பூட்டின் பொருள். உறை நன்றாக ஒட்டியிருக்கிறது என்பதால் உள்ளே இருக்கும் கடிதம் உண்மையாகிவிடாது. இதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் இலவசமாகத் தருகின்றன, மோசடிக்காரர்களும் வாங்கிக்கொள்கிறார்கள். மக்கள் பூட்டைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று சொல்லியே கூகுள் 2023 செப்டம்பரில் குரோமிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டது.

பார்க்க வேண்டியது முகவரியை. அதையும் பலர் இடமிருந்து தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். முகவரியின் தொடக்கத்தில் ‘மைக்ரோசாஃப்ட்’ என்ற பெயரைக் கண்டதும் நிம்மதி வந்துவிடுகிறது. ஆனால் தொடக்கத்தில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. தளத்தின் சொந்தக்காரர் யார் என்று சொல்வது முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் நிற்கும் கடைசிப் பகுதி. ‘டாட் காம்’ போன்ற முடிவும் அதற்கு இடப்பக்கம் ஒட்டி நிற்கும் ஒரு பெயரும் சேர்ந்ததுதான் உண்மையான முகவரி. ‘டாட் கோ டாட் யூகே’ மாதிரி முடிவே இரண்டு துண்டாக வரும் இடங்களில் இன்னும் ஒரு துண்டு இடப்பக்கம் தள்ளிப் பாருங்கள். அந்தப் பெயர் ‘லாகின்-செக்’ என்றோ ‘சப்போர்ட்-அப்டேட்’ என்றோ இருந்தால், அதற்கு முன்னால் எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் அது அவர்களுடைய தளம் இல்லை.

தேடலில் முதலில் வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு சொடுக்குவது

ஏதாவது ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் பெயரைத் தேடுபொறியில் தட்டுகிறோம், முதலில் வருவதைச் சொடுக்குகிறோம். அந்த முதல் இடம் பல சமயம் காசு கொடுத்து வாங்கிய விளம்பரம். பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘ஸ்பான்சர்டு’ என்று இருக்கும். இலவச மென்பொருள்களின் பெயரில் போலி விளம்பரம் கொடுப்பது மோசடிக்காரர்களுக்கு வழக்கமான தொழில்.

2023 அக்டோபரில் வெளியே வந்த ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. பாஸ்வேர்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள உதவும் கீபாஸ் என்ற மென்பொருளின் பெயரில் கூகுள் தேடலில் ஒரு விளம்பரம் வந்தது. அதில் கீபாஸின் லோகோ இருந்தது. உண்மையான கீபாஸ் முகவரியே தெரிந்தது. சொடுக்கினால் திறக்கும் பக்கமும் அச்சு அசலாக கீபாஸ் தளம் போலவே இருந்தது. வித்தியாசம் ஒன்றே ஒன்று: முகவரிப் பட்டையில் முதல் எழுத்தான ‘கே’யின் அடியில் கால்புள்ளி அளவுக்கு ஒரு சிறு குறி. திரையில் தூசி ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்துவிட்டுப் போகக்கூடிய அளவு. வேறொரு மொழியின் எழுத்தை வைத்துப் பதிவு செய்த முகவரி அது. பாஸ்வேர்டைக் காப்பாற்ற நினைத்து வந்தவர்களைக் குறிவைத்தே அந்த வலை விரிக்கப்பட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இவ்வளவு நுணுக்கமான குறியை ஒவ்வொரு முறையும் கண்ணால் பிடிப்பது யாருக்கும் ஆகாத காரியம். அதனால் பிடிக்க முயலாமலே தப்பும் வழியைச் சொல்கிறேன். மென்பொருளைத் தேடலில் வரும் விளம்பரம் வழியாக ஒருபோதும் இறக்காதீர்கள். விண்டோஸிலும் மேக்கிலும் இருக்கும் ஆப் ஸ்டோரில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்த மென்பொருளைப் பற்றிய விக்கிபீடியா பக்கத்தில் இருக்கும் அதிகாரபூர்வ இணைப்பு, விளம்பரத்தை விட எவ்வளவோ மேல். அடிக்கடி போகும் தளங்களை புக்மார்க் செய்துவைத்துக்கொண்டால் தட்டச்சுப் பிழையால் வேறு தளத்துக்குப் போய்ச் சேரும் ஆபத்தும் இல்லை.

‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்றதும் பதறுவது

ஒரு வெப்சைட் தானாக உங்கள் கணினியை அலசி வைரஸ் கண்டுபிடிக்க முடியாது. முன்னே சொன்ன அடைப்பு அதை விடாது. ஆகவே திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் ஒலித்து, ‘ஐந்து வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன’ என்று ஒரு பக்கம் சொன்னால், அது பொய் சொல்கிறது என்று அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். ஓடிக்கொண்டே இருக்கும் அந்தச் சதவீதக் கோடு வெறும் அசைபடம்.

இது பழைய வித்தை. வின்ஃபிக்ஸர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் போன்ற பெயர்களில் போலி ஸ்கேன் காட்டிப் பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்களை ஏமாற்றியதாக அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2008இல் வழக்குத் தொடர்ந்தது. 2012இல் நீதிமன்றம் 16.3 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. அத்தனை வருடம் ஆகியும் வித்தை மாறவில்லை, பயம் இன்னும் விலைபோகிறது. பதறாத காரியம் சிதறாது என்பது இந்த இடத்துக்கு அப்படியே பொருந்தும்.

இங்கே பலர் செய்யும் இன்னொரு தவறு, அந்தப் பெட்டியின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்துவது. அந்தக் குறியும் பக்கத்தில் வரைந்த படமாக இருக்கலாம். ‘ரத்து செய்’ என்று எழுதியிருக்கும் பட்டனும் ‘சரி’ என்ற பட்டனும் ஒரே வேலையைச் செய்யலாம். பக்கத்துக்குள் எதையும் தொடாமல் பிரவுசர் டேபையே மூடுங்கள். முழுத்திரையில் மாட்டிக்கொண்டால் எஸ்கேப் கீயை அழுத்திப் பிடியுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்திவிடலாம். மறுபடி திறக்கும்போது ‘பழைய டேப்களைத் திறக்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

‘நான் ரோபோ இல்லை’ என்று நிரூபிக்கப் போய்

இப்போது நடப்பவற்றில் என்னை மிகவும் கவலைப்படவைப்பது இதுதான். 2024இலிருந்து பெருகிவரும் இந்த முறையைப் பாதுகாப்புத் துறையினர் ‘கிளிக்ஃபிக்ஸ்’ என்கிறார்கள்.

நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்கும் வழக்கமான கேப்சா பெட்டி வருகிறது. கட்டத்தில் டிக் செய்ததும், ‘சரிபார்க்க மூன்று படிகள்’ என்று ஒரு குறிப்பு. ஒன்று, விண்டோஸ் கீயையும் ‘ஆர்’ எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். இரண்டு, கன்ட்ரோலையும் ‘வி’யையும் அழுத்துங்கள். மூன்று, என்டர். சிரமமே இல்லை, பத்து விநாடியில் முடிந்துவிடும். ஆனால் நீங்கள் டிக் செய்த அந்த நொடியிலேயே நகலெடுத்ததைக் கணினி தற்காலிகமாக வைத்திருக்கும் கிளிப்போர்டில் பக்கம் ஒரு கட்டளையை வைத்துவிட்டது. முதல் படியில், தட்டும் கட்டளையை அப்படியே ஓட்டும் விண்டோஸின் ரன் பெட்டியைத் திறந்தீர்கள். இரண்டாவது படியில் கட்டளையை அதில் ஒட்டினீர்கள். மூன்றாவது படியில் அதை நீங்களே ஓடவிட்டீர்கள். ரன் பெட்டி குறுகலானது. கட்டளை நீளமானது. அதன் வால்பகுதியில் ‘நான் ரோபோ இல்லை, சரிபார்ப்பு எண் இன்னது’ என்று எழுதிவைப்பார்கள். பெட்டியில் உங்கள் கண்ணுக்குத் தெரிவது அந்த வால் மட்டும்தான்.

பிரவுசர் வழியாக எந்தக் கோப்பும் இறங்காததால், ‘இந்தக் கோப்பு ஆபத்தானது’ என்று வழக்கமாக வரும் எச்சரிக்கை இங்கே வராது. மேக் கணினிகளில், கட்டளைகளைத் தட்டி ஓட்டும் டெர்மினலைத் திறந்து ஒட்டச் சொல்வார்கள். இந்த வழியில் பரவியவற்றில் லும்மா என்ற திருட்டு மென்பொருள் முக்கியமானது. 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதங்களில் 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் லும்மாவைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

உண்மையான கேப்சா எதுவும் பிரவுசருக்கு வெளியே போகச் சொல்லாது. படத்தில் பேருந்தைக் காட்டச் சொல்லும், எழுத்தைத் தட்டச் சொல்லும், அவ்வளவுதான். ரன் பெட்டி, டெர்மினல், விண்டோஸில் அதே மாதிரி கட்டளை ஓட்டும் பவர்ஷெல் என்ற பேச்சை எடுத்தாலே அந்தத் தளத்தை விட்டு வெளியேறிவிடுங்கள். வீட்டில் கணினி தெரியாத பெரியவர்கள் இருந்தால், இந்த ஒன்றை மட்டுமாவது அவர்களிடம் உட்கார்ந்து சொல்லுங்கள்.

நல்ல தளம்தானே என்று அசந்துபோவது

நம்பிக்கையான தளத்தையும் யாராவது ஊடுருவியிருக்கலாம். வருடக்கணக்காகப் படித்துவரும் ஒரு தளத்தில் திடீரென்று ‘உங்கள் பிரவுசர் பழையது, புதுப்பிக்கவும்’ என்று பக்கம் வந்தால், தளத்தின் சொந்தக்காரருக்கே தெரியாமல் யாரோ அதைச் செருகியிருக்கலாம். பிரவுசரைப் புதுப்பிக்கும் வேலை வெப்சைட்டுடையது இல்லை. பிரவுசரின் மெனுவில் உதவிப் பகுதிக்குள் போய், அதைப் பற்றிய பக்கத்தைத் திறந்தால் புதிய பதிப்பு இருக்கிறதா என்று அதுவே சொல்லும். ஃபிளாஷ் பிளேயரைப் புதுப்பிக்கச் சொல்லும் பக்கத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அடோபி 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஃபிளாஷை நிறுத்திவிட்டது.

விளம்பரங்கள் வழியாகவும் வரும். 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்ற பெரிய தளங்களில் ஓடிய விளம்பரங்களுக்குள் தீம்பொருள் ஒளிந்திருந்தது. பழைய ஓட்டைகள் அடைக்கப்படாத கணினிகளில் எதையும் சொடுக்காமலே அது நுழைய முடிந்தது. உங்கள் கை தேவைப்படாத அரிதான வகை இது. இதற்கு மருந்து, பிரவுசரும் ஆபரேட்டிங் சிஸ்டமும் கேட்கும் அப்டேட்டை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாமல் போட்டுவிடுவது.

இறக்கிய கோப்பைப் பார்க்காமல் திறப்பது

விண்டோஸ் கோப்புப் பெயரின் வாலை இயல்பாக மறைத்துவிடுகிறது. அதனால் ‘பில் டாட் பிடிஎஃப் டாட் எக்ஸ்இ’ என்ற கோப்பு உங்களுக்கு ‘பில் டாட் பிடிஎஃப்’ என்று தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் கோப்பு வகையைக் காட்டும் வசதியை இன்றே இயக்கிவையுங்கள். பாட்டோ படமோ புத்தகமோ கேட்ட இடத்தில் எக்ஸ்இ, எம்எஸ்ஐ, எஸ்சிஆர் என்று முடியும், திறந்ததும் நிரலாக ஓடும் கோப்பு வந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். பாஸ்வேர்டு போட்ட ஜிப் கோப்பைக் கொடுத்து, பாஸ்வேர்டையும் பக்கத்திலேயே எழுதிவைத்திருந்தால், அது பெரும்பாலும் ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு. ‘நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்’ என்று கேட்கும் தளத்துக்கு மன்னிப்பே கிடையாது. காசு கொடுக்க வேண்டிய மென்பொருளை இலவசமாகத் தரும் ‘கிராக்’ தளங்களில் இந்த இரண்டையும் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம்.

நோட்டிஃபிகேஷன் அனுமதியும், பிரவுசரில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷனும் இதே ரகம்தான். வீடியோ பார்க்க ‘அலவ்’ அழுத்தச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் நல்லதாகவே தொடங்கி, கைமாறிய பிறகு கெட்டுப்போகலாம். லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷனை இப்படித்தான் 2021 பிப்ரவரியில் கூகுள் நீக்கியது. பயன்படுத்தாதவற்றை எடுத்துவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் முகவரியையோ கோப்பையோ வைரஸ்டோட்டல் தளத்தில் கொடுத்துப் பார்க்கலாம். பல ஆன்டிவைரஸ்களின் கருத்து ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் நேற்றுப் பிறந்த மோசடித் தளத்தைப் பற்றி இன்னும் யாருக்கும் தெரிந்திருக்காது, அதனால் ‘சுத்தம்’ என்ற பதிலை முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே ஏற்றும் கோப்புகளை ஆராய்ச்சியாளர்களும் பார்க்க முடியும் என்பதால் சொந்த ஆவணங்களை ஏற்றாதீர்கள்.

அழுத்திவிட்ட பிறகு

ஸ்கேன் ஓட்டினேன், ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடுவது கடைசித் தவறு. இந்த வகைத் திருட்டு மென்பொருள் சில நிமிடங்களில் வேண்டியதை எடுத்துக்கொண்டு தன்னையே அழித்துக்கொள்ளவும் கூடும். முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பிறகு வேறொரு சாதனத்திலிருந்து, முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி என்ற வரிசையில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட அதே கணினியில் மாற்றினால் புதிய பாஸ்வேர்டையும் அவர்களுக்கே எழுதிக்கொடுத்தது போலாகும்.

பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. பிரவுசரில் இருக்கும் குக்கீகளையும் இவை அள்ளிக்கொண்டு போகின்றன. நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்தவர் என்பதற்கு அந்தக் குக்கீதான் சாட்சி. அது கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், நேராக உங்கள் கணக்குக்குள் நுழையலாம். ஆகவே ஒவ்வொரு கணக்கின் பாதுகாப்புப் பகுதியிலும் இருக்கும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்துங்கள். கணினியில் முக்கியமான கோப்புகளை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாக நிறுவிய பிறகே அதில் மறுபடி எந்தக் கணக்கிலும் நுழையுங்கள்.