எஃப்பிஜிஏ மைனிங் போர்டின் வேகத்தைப் பூலில் பாருங்கள்

எஃப்பிஜிஏ (உள் சுற்றை நாமே மாற்றியமைக்கக்கூடிய சிப்) போர்டு வாங்கும் முன், விற்பவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை விட்டுவிட்டு, உங்கள் பூல் (பலர் சேர்ந்து மைனிங் செய்யும் சர்வர்) கணக்கில் 24 மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். பிட்காயின் வகை மைனிங் என்றால், பூல் ஏற்றுக்கொண்ட ஷேர்களின் (வேலை செய்ததற்குச் சான்றாக போர்டு அனுப்பும் விடைகள்) எண்ணிக்கையை ஷேர் டிஃபிகல்ட்டியாலும் (ஒரு ஷேர் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று பூல் வைக்கும் எண்) 429.5 கோடியாலும் (டிஃபிகல்ட்டி 1-இல் ஒரு ஷேருக்குச் சராசரியாகத் தேவைப்படும் ஹாஷ்கள்) பெருக்கி 86,400 நொடியால் வகுத்தால் ஹாஷ்ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஹாஷ் கணக்கு போடுகிறது என்பது கிடைத்துவிடும்.

திரையில் எந்த எண்ணையும் காட்டலாம். ஆனால் ஒவ்வொரு ஷேரையும் பூல் தானே சரிபார்க்கிறது, வேலை செய்யாமல் அதை உருவாக்க வழியில்லை. கிளாக்கை (சிப் ஓடும் வேகத்தை) அளவுக்கு மீறி ஏற்றினால் வரும் தப்பான ஹாஷ்களும் இதில் கழிந்துவிடும், இதுதான் பெரிய லாபம். 2011-12 காலத்து ஸ்பார்ட்டன்-6 எல்எக்ஸ்150 சிப் ஒன்று நொடிக்கு 200 மெகாஹாஷ் (20 கோடி ஹாஷ்) ஓடினால், டிஃபிகல்ட்டி 1-இல் நாளுக்குச் சுமார் 4,000 ஷேர் வர வேண்டும்.

நூறு ஷேர் மட்டும் வந்திருந்தால் கணக்கில் பத்து சதவீதம் வரை ஏற்ற இறக்கம் சகஜம், இன்னும் ஓட விடுங்கள். வேறு அல்காரிதம் காயின்களுக்கு 429.5 கோடி பொருந்தாமல் போகலாம். அப்புறம், போர்டு விற்பவர் வீட்டிலேயே இருந்தால் இந்தச் சோதனை போதாது: வேறு மெஷினையும் அதே கணக்கில் இணைத்துவிட முடியும்.