ஏசி, ஹீட்டர் லேபிளைப் படிப்பது எப்படி? டன்னில் தொடங்கி சிஓபி வரை

ஏசியோ ஹீட்டரோ வாங்கப் போனால் காதில் விழுவதில் பாதி எண்ணும் எழுத்துமாகத்தான் இருக்கும். ஒன்றரை டன், இன்வெர்ட்டர், ஆர்-32, சிஓபி 3.4 என்று அடுக்கிக்கொண்டே போவார்கள், நாமும் தலையாட்டிக்கொண்டே நிற்போம். இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வீட்டில் இருக்கும் ஒரு இயந்திரத்தின் லேபிளை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் போனாலே போதும், எனக்கு அப்படித்தான் பிடிபட்டது. கம்ப்ரஸர் எது, இண்டோர் யூனிட் எது, அவுட்டோர் யூனிட் எது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: சரியான லேபிளைப் படம் எடுங்கள்

முன்பக்கம் பளபளவென்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைச் சொல்லவில்லை. யூனிட்டின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒரு தகடு இருக்கும், அதுதான் வேண்டும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். குளிரூட்டும் திறன், மின் உள்ளீடு, மின்னோட்டம், கேஸின் (குழாய்க்குள் சுற்றி வெப்பத்தைச் சுமந்து செல்லும் பொருள்) பெயர் (ஆர்-32 என்பது போல), அதன் எடை ஆகியவை அதில் இருக்கும்.

படி 2: டன், பிடியு, கிலோவாட்

மூன்றும் ஒரே விஷயத்தின் மூன்று அளவுகள்: ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்ற முடியும் என்பது. இயந்திரத்தின் எடைக்கும் டன்னுக்கும் சம்பந்தமில்லை. பனிக்கட்டி வைத்துக் குளிர்வித்த காலத்துக் கணக்கு அது. 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன். மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் பிரிட்டிஷ் அலகு) என்றாலும் அதுதான், 3.52 கிலோவாட் என்றாலும் அதுதான்.

ஒன்றரை டன்னுக்கு 5.27 கிலோவாட் என்று கணக்கு வரும். தகட்டில் அச்சாக அதே எண் இருக்காது, 5-ஐ ஒட்டி முன்பின்னாக இருக்கும். அதனால் இரண்டு 'ஒன்றரை டன்'களை ஒப்பிடும்போது டன்னை மறந்துவிட்டுக் கிலோவாட்டைப் பாருங்கள்.

படி 3: ஒரே தகட்டில் இரண்டு கிலோவாட் எண்கள் (நிதானமாகப் படிக்க வேண்டிய இடம்)

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரே தகட்டில் குளிரூட்டும் திறன் 5.0 கிலோவாட் என்று ஒரு வரியும், நாலு வரி தள்ளி மின் உள்ளீடு 1.5 கிலோவாட் என்று இன்னொரு வரியும் இருக்கும். அலகு ஒன்றாக இருப்பதால் மேலே இருக்கும் 5-ஐ எடுத்து மின்கட்டணத்தைப் பெருக்கிப் பார்த்துவிட்டு அரண்டுபோகிறவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், '1.5 கிலோவாட் மின்சாரத்தில் 5 கிலோவாட் எப்படி வரும், இல்லாத சக்தியை உண்டாக்குகிறதா?' என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. கேள்வி என்னவோ நியாயமான கேள்விதான்.

கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். அது தண்ணீரை உண்டாக்குவதில்லை, கீழே இருப்பதை மேலே ஏற்றிவிடுகிறது, அவ்வளவுதான். ஏசியும் வெப்பத்துக்கு அதையே செய்கிறது. அறையில் ஏற்கெனவே இருக்கும் 5 கிலோவாட் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்த் தள்ளுவதற்கு ஆகும் கூலி 1.5 கிலோவாட் மின்சாரம். அவுட்டோர் யூனிட் வெளியே விடுவது இரண்டும் சேர்ந்த 6.5 கிலோவாட் வெப்பம். அந்தக் காற்று ஏன் அப்படிக் கொதிக்கிறது என்பதற்கும் இதுதான் பதில்.

ஆக, மின்கட்டணத்துக்கு 1.5. அறைக்குப் போதுமா என்று பார்க்க 5.0. முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட் மின்சாரம். கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகையாக இருந்தால் அறை குளிர்ந்த பிறகு இது வெகுவாக இறங்கிவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் இந்த எண்கள் வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி என்று வைத்துச் சோதித்து எடுத்தவை. வெளியே 42 டிகிரி கொளுத்தும்போது தள்ளும் வெப்பம் குறையும், இழுக்கும் மின்சாரம் கூடும். அன்றைக்கு ஏசி திணறினால் பழுது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

படி 4: சிஓபி, ஈஈஆர், எஸ்இஇஆர்

படி 3 புரிந்தால் இது வெறும் வகுத்தல். 5.0-ஐ 1.5-ஆல் வகுத்தால் 3.33. அதுதான் சிஓபி, அதாவது ஒரு பங்கு மின்சாரத்துக்கு எத்தனை பங்கு வெப்பம் நகர்கிறது என்பது. அதே கணக்கில் வெப்பத்தைப் பிடியுவிலும் மின்சாரத்தை வாட்டிலும் போட்டால் ஈஈஆர். சிஓபியை 3.412-ஆல் பெருக்கினால் அது கிடைக்கும், இங்கே சுமார் 11.4. ஆனால் சில நாடுகளில் வாட்டுக்கு வாட் வகுத்துவிட்டு அதையும் ஈஈஆர் என்றே எழுதுவார்கள். எண் 3, 4 என்று இருந்தால் அந்த வகை, 10-ஐத் தாண்டினால் பிடியு வகை.

ஈஈஆருக்கு முன்னால் 'எஸ்' சேர்ந்து எஸ்இஇஆர் ஆகிவிட்டால் பருவம் முழுவதற்குமான சராசரி. வெயில் கடுமையாக இருக்கும் நாள், மிதமான நாள் எல்லாவற்றையும் கலந்து போட்ட கணக்கு. ஒவ்வொரு நாடும் தன் தட்பவெப்பத்துக்கு ஏற்றபடி போடுவதால், ஒரு நாட்டு எஸ்இஇஆரை இன்னொரு நாட்டு எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஸ்டார் எண்ணிக்கையும் அப்படித்தான், விதிமுறை மாறும்போது அதே இயந்திரத்துக்கு ஸ்டார் குறையும். என்னைக் கேட்டால் ஸ்டாரைவிடத் தகட்டை நீங்களே வகுத்துப் பார்ப்பது மேல். இன்வெர்ட்டருக்கு மட்டும் பருவ எண்ணையும் சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் அது பெரும்பாலான நேரம் முழு வேகத்தில் ஓடுவதே இல்லை.

படி 5: ஈரம்

24 டிகிரி காட்டுகிறது, ஆனாலும் கசகசக்கிறது. காரணம் ஈரப்பதம். ஏசி இரண்டு வகை வெப்பத்தை எடுக்கிறது. ஒன்று காற்றின் சூடு, அதற்கு உணர்வெப்பம் என்று பெயர். மற்றொன்று காற்றிலுள்ள நீராவி, இண்டோர் யூனிட்டுக்குள் இருக்கும் குளிர்ந்த காயிலில் (குழாய்ச்சுருள்) பட்டு நீராகும்போது விடும் உள்ளுறை வெப்பம். இரண்டாவது லேசுப்பட்டதல்ல. வடிகுழாயில் ஒரு லிட்டர் தண்ணீர் சொட்டினால் ஏறத்தாழ 0.68 கிலோவாட்-மணி அளவுக் குளிர்ச்சி அதற்கே போயிருக்கிறது என்று அர்த்தம்.

'எதற்கும் இருக்கட்டும், ரெண்டு டன்னாப் போடுங்க' என்பதை நான் ஏற்காததற்குக் காரணமும் இதுதான். சின்ன அறையில் பெரிய ஏசி சட்டென்று வெப்பநிலையை இறக்கிவிட்டு, ஈரத்தை எடுக்கும் முன்பே கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அப்புறம் திரும்ப ஓடும், திரும்ப நிற்கும். அறை சில்லென்றும் இருக்கும், பிசுபிசுவென்றும் இருக்கும். தரைப் பரப்பை மட்டும் கேட்டுவிட்டு டன் சொல்லும் கணக்குகளையும் நான் நம்புவதில்லை. மேற்கு பார்த்த கண்ணாடி ஜன்னல், மேலே மொட்டை மாடி, எத்தனை பேர் இருப்பார்கள் என்று எதையும் கேட்காமல் எப்படிச் சொல்ல முடியும்?

ரிமோட்டில் உள்ள 'ட்ரை' இதற்காகத்தான். ஃபேனை மெதுவாக்கி, கம்ப்ரஸரை விட்டு விட்டு ஓட்டி ஈரத்தை எடுக்கும். கடும் வெயிலில் அதற்கு வேலையில்லை, மழைநாள் புழுக்கத்தில் போட்டுப் பாருங்கள். வெப்பநிலையோடு ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வாங்கி அறையில் வையுங்கள். போனில் வானிலை ஆப் காட்டுவது வெளிக்காற்றின் ஈரப்பதம், உங்கள் அறையினுடையது அல்ல.

படி 6: சூடாக்கும் பக்கம்

இது சுருக்கம்தான். கம்பிச்சுருள் ஹீட்டர், எண்ணெய் நிரப்பிய ஹீட்டர், ஃபேன் ஹீட்டர் எதுவானாலும் 2 கிலோவாட் மின்சாரத்துக்கு 2 கிலோவாட் வெப்பம், சிஓபி 1. 'அதிகச் சிக்கனமான' கம்பிச்சுருள் ஹீட்டர் என்று விளம்பரம் வந்தால் கடந்து போய்விடுங்கள். ஹீட் பம்ப் என்பது ஏசியேதான், ஒரு வால்வு கேஸின் போக்கைத் திருப்பிவிட வெளியிலிருந்து வெப்பத்தை உள்ளே கொண்டுவரும். சிஓபி 3-ஐச் சுற்றி இருக்கும், வெளியே குளிர் கூடக்கூட இறங்கும். எரிவாயு ஃபர்னஸ், பாய்லரில் ஏஎஃப்யூஇ 90 என்று போட்டிருந்தால், பருவம் முழுதும் எரிந்த எரிபொருளின் வெப்பத்தில் 90 சதவீதம் வீட்டுக்கு வந்தது என்று பொருள்.

ஆர்-மதிப்பு, யூ-மதிப்பு இரண்டும் சுவருக்கும் ஜன்னலுக்கும் உரியவை: வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பது ஆர், எவ்வளவு கடத்துகிறது என்பது யூ. ஆர் கூடினால் நல்லது, யூ குறைந்தால் நல்லது. முதலாவதைத் தலைகீழாக்கினால் இரண்டாவது.

பின்சேர்க்கை 1: 'இன்வெர்ட்டர் ஏசி வாங்கினால் கரன்ட் போனாலும் ஓடுமா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். ஓடாது. பேட்டரியோடு வரும் இன்வெர்ட்டர் வேறு. இங்கே அது கம்ப்ரஸர் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பலகை.

பின்சேர்க்கை 2: குளிர்காலத்தில் ஹீட் மோடில் ஓடும்போது வெளி யூனிட்டிலிருந்து புகை வருகிறது, உள்ளே சில நிமிடம் சூடான காற்றே வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். அது டிஃப்ராஸ்ட். வெளிக் காயிலில் படிந்த உறைபனியை உருக்க, இயந்திரம் கொஞ்ச நேரம் திசை மாறி ஓடுகிறது. புகைபோலத் தெரிவது நீராவி. தானாகவே பழையபடி திரும்பிவிடும்.

பின்சேர்க்கை 3: கேஸ் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். கேஸ் எரிந்தோ தேய்ந்தோ தீராது, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஆகவே 'வருஷா வருஷம் டாப்-அப்' என்று மெக்கானிக் சொன்னால், முதலில் கசிவைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். தகட்டில் இருக்கும் கேஸைத்தான் நிரப்ப வேண்டும், எடையும் அதில் இருப்பதுதான். ஆர்-22 ஓசோனைக் கெடுக்கிறது என்று மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி விலக்கப்பட்டு வருகிறது. ஆர்-410ஏ என்பது ஆர்-32-உம் ஆர்-125-உம் சரிபாதி கலந்தது. அதற்காக 410ஏ இயந்திரத்தில் வெறும் ஆர்-32-ஐ ஏற்ற விடாதீர்கள். ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது, பழைய இயந்திரம் அதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. ஆர்-290 என்று இருந்தால் அது புரொப்பேன், நன்றாகவே பற்றும், அந்த வகையில் பயிற்சி பெற்றவரைத் தவிர வேறு யாரையும் தொட விடாதீர்கள்.