தீவில் கரப்பந்தாட்டத் திடல் போடும் முறை

யாழ்ப்பாணத்துத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு போன்ற இடங்களில் சனசமூக நிலையக் காணியில் கரப்பந்தாட்டத் திடல் போடப் போகிறவர்கள் அளவு நாடாவை எடுப்பதற்கு முன் காற்றைப் பார்க்க வேண்டும். தீவுத் திடலைக் கெடுப்பவை சோழகக் காற்றும் உப்புமே. இரண்டையும் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்தால் பிறகு வரும் செலவு குறையும்.

திடலின் நீளப் பக்கம் வடக்கு தெற்காக இருக்கட்டும். நம் ஊர்களில் ஆட்டம் பின்னேரத்தில்தான். கிழக்கு மேற்காகப் போட்டால் ஒரு பக்க அணிக்கு முழு நேரமும் கண்ணில் வெயில் அடிக்கும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோழகம் அப்போது திடலுக்குக் குறுக்குச் சாய்வாக வரும். அதற்குத் தெற்கிலும் மேற்கிலும் மறைப்பு வேண்டும். மதில் கட்டுவது பிழை. முழுவதும் அடைத்த மதிலைத் தாண்டும் காற்று அதன் பின்னால் சுழன்று விழும், உயர்த்திக் கொடுத்த பந்து எங்கே போகும் என்றே சொல்ல முடியாது. ஐதாகக் கட்டிய பனையோலை வேலியோ பழைய வலையை இரண்டு மடிப்பாகக் கட்டியதோ காற்றில் பாதியை உள்ளே விட்டு, மீதியின் வேகத்தைக் குறைக்கும். உயரம் 3 மீற்றர் இருந்தால் நல்லது. பனை நிரை ஏற்கெனவே இருந்தால் அதுவே சிறந்த மறைப்பு. ஆனால் திடல் அதிலிருந்து 8 மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும், ஆடி ஆவணியில் பனம்பழம் விழும்.

ஆடுகளம் 18 மீற்றருக்கு 9 மீற்றர். சுற்றிவர 3 மீற்றர் வெற்றிடம் விட்டால் மொத்தம் 24க்கு 15, அதாவது 360 சதுர மீற்றர். இதில் 10 செ.மீ. மண் நிரப்பவே 36 கன மீற்றர், ஏறக்குறைய 13 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) தேவை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து வள்ளத்தில் ஏற்றிப் போக நினைத்தால் பணம் மண்ணிலேயே முடிந்துவிடும். இருக்கிற மண்ணையே மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இழுத்துச் சமப்படுத்துங்கள். கடற்கரை மணலைத் தொட வேண்டாம். அது இறுகாது, கால் புதையும், அள்ளினால் கரையும் அரிக்கும். மேல்மண்ணில் கிடக்கும் முருகைக்கல் துண்டுகளைச் சல்லடை போட்டே எடுக்க வேண்டும். கையால் பொறுக்கினால் சிறியவை தப்பும், பந்துக்காக விழுந்து எழும்புகிறவரின் முழங்காலைக் கிழிப்பவை அவைதான்.

இந்த வேலைக்குச் சரியான காலம் தை மாதம். வாடை மழை முடிந்து மண் ஈரமாக இருக்கும். நல்ல தண்ணீர் அருமையான தீவில் மண்ணை நனைக்க வேறு வழி தேடத் தேவையில்லை. 5 செ.மீ. படையாகப் பரப்பி, கொங்கிறீட் நிரப்பிய பீப்பாயை உருட்டி இறுக்குங்கள். அகலப் பக்கமாக ஒரு மீற்றருக்கு 5 மி.மீ. சாய்வு விடலாம். 9 மீற்றருக்கு அது 4.5 செ.மீ. கண்மட்டத்தை நம்பாமல் தண்ணீர்க் குழாய் மட்டம் வைத்துப் பாருங்கள்.

மூலைகளைக் குறித்த பின் மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். முழு ஆடுகளத்துக்கு இரண்டும் 20.12 மீற்றர், ஒரு பாதிக்கு 12.73 மீற்றர். இரண்டும் ஒத்து வராவிட்டால் களம் சரிந்திருக்கிறது.

அதிகமாகப் பிழைக்கும் இடம் கம்பம். பலர் அதைப் பக்கக் கோட்டிலேயே நட்டுவிடுகிறார்கள். அது கோட்டுக்கு வெளியே அரை மீற்றருக்கும் ஒரு மீற்றருக்கும் இடையில் நிற்க வேண்டும். ஒரு மீற்றர் விட்டால் கம்பத்துக்குக் கம்பம் 11 மீற்றர். விதிப்படி உயரம் 2.55 மீற்றர், மண்ணுக்குள் 60 செ.மீ., ஆக ஒரு கம்பத்துக்கு 3.15 மீற்றர் தேவை. 6 மீற்றர் ஜீ.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) ஒன்றை நடுவால் வெட்டினால் ஒவ்வொன்றிலும் 15 செ.மீ. குறையும். இரண்டு குழாய் வாங்குங்கள். மீதித் துண்டுகள் வேறு தேவைக்கு உதவும். குழாய் 3 அங்குலம் இருக்கட்டும்.

குழி 60 செ.மீ. சதுரம், 90 செ.மீ. ஆழம். சுண்ணாம்புக்கல் பாறை முன்னதாகவே தட்டுப்பட்டால் அலவாங்கால் உடைத்தாவது ஆழத்தை எட்டுங்கள். கம்பத்தைக் கம்பியால் இழுத்துக் கட்டுவது விதிப்படி கூடாது, ஓடுகிறவர் தடக்கி விழுவார். ஆகவே முழு இழுவையையும் அத்திவாரமே தாங்க வேண்டும். சீமெந்து, மணல், சல்லி கலவை 1:2:4. இரு குழிக்கும் 50 கிலோ சீமெந்து ஐந்து பை போதும். உள்ளே இரும்புக் கம்பி போட வேண்டாம், உவர்த் தண்ணீரில் குழைத்த கொங்கிறீட்டில் கம்பி துருத்து வீங்கி அதையே வெடிக்க வைக்கும். நடுவில் 110 மி.மீ. பீ.வி.சி. குழாயைக் குழியின் அடிவரை உறையாக நிறுத்தி, அதனுள்ளே அடியில் 30 செ.மீ.க்குச் சல்லி போட்டால் மழைநீர் தேங்காது. கம்பத்தை அதில் இறக்கி மர ஆப்பால் இறுக்கலாம். ஈரச்சாக்கு போட்டு ஏழு நாள் நனைத்து, 14 நாள் கழித்தே வலையை இழுங்கள்.

வலைக் கயிற்றை மாட்டும் கொளுக்கியைக் குழாயில் வெல்டிங் செய்து ஒட்டினால் துத்தநாகப் பூச்சு எரிந்து, அந்த இடத்திலிருந்தே துரு தொடங்கும். வளையம் போட்டுத் திருகாணியால் முடுக்குங்கள். செற்றப், ஓவர் கேம் என்று நம் ஊர்களில் ஆடும் இரு கரப்பந்தாட்ட வகைகளுக்கும் ஒரே கம்பம் பயன்பட, வளையத்தை ஏற்றி இறக்கலாம். குழாயின் வாயை மூடி போட்டு அடையுங்கள்.

வலையின் மேல் விளிம்புக்கு உருக்குக் கயிறு விரைவில் துருத்துப்போகும். மீன்பிடி நைலோன் கயிறு எளிதில் கிடைத்தாலும் இழுபடும், நடுப்பகுதி தொய்யும். பொலியெஸ்டர் கயிறுதான் ஏற்றது. வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24 மீற்றர். நடுவில் அளந்து சரியாக வையுங்கள். இரு ஓரமும் தமக்குள் ஒரே உயரத்தில், நடுவை விட 2 செ.மீ.க்கு மேல் உயராமல் இருக்க வேண்டும். வலை கிழிந்தால் ஊரில் வலை பொத்தத் தெரிந்தவர் அரை மணித்தியாலத்தில் சரி செய்வார்.

கோடு 5 செ.மீ. அகலம், அது களத்தின் பகுதி. நீறாத சுண்ணாம்பைத் தூவவே கூடாது, கண்ணைச் சுட்டுவிடும். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துப் பூசலாம், ஆனால் ஒரு மழையில் போய்விடும். நைலோன் பட்டியை ஆணியடித்து மண்ணோடு இறுக்கினால் நின்று பிடிக்கும். ஆணித் தலை வெளியே தெரியாதபடி அடியுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் வலையைக் கழற்றுங்கள், வெயிலில் நூல் உளுத்துவிடும். ஐப்பசியில் மழை தொடங்க முன் கம்பங்களை இழுத்தெடுத்து, உறைகளின் வாயைப் பலகையால் மூடி, மேலே ஒரு கல் வையுங்கள். திறந்து கிடந்தால் ஆட்டுக்குட்டியின் கால் சிக்கும்.