மாசி பிறந்தாச்சு: கோழி வளர்க்கும் வீட்டில் தோட்டத்தைக் கோடைக்குத் தயார் செய்வது எப்படி?

பத்து சென்ட் இடம், பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி, காய்ந்துபோன அவரைப் பந்தல், கிழடு தட்டிய கத்தரிச் செடி. தை முடியும்போது பல வீட்டுத் தோட்டங்கள் இப்படித்தான் இருக்கும். பனி குறைந்து வெயில் ஏறுவதற்குள் இடையில் நான்கைந்து வாரம் கிடைக்கும், அதில் செய்கிற வேலையைப் பொறுத்துத்தான் சித்திரையில் வெண்டையும் கீரையும் வீட்டிலேயே பறிப்பதா, கடையில் வாங்குவதா என்பது. கோழி இருக்கிற வீட்டில் இன்னொரு கணக்கும் சேரும்: விதை போட்ட பாத்தியில் கோழி இறங்கினால் அன்றோடு விதை காலி, ஆனால் விதை போடுவதற்கு முன்னால் அதே கோழியை இறக்கிவிட்டால் உங்கள் வேலையில் பாதி மிச்சம். அதனால் இரண்டுக்கும் முறை வைக்க வேண்டும். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாதிரி வெயில் ஊர்களை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன், மலைப்பக்கம் விதைக்கும் பட்டம் வேறு.

1. தடுப்பூசி

தோட்ட வேலைக்கு முன்னால் இது. கோழிக்கழிச்சல் என்றும் சொல்கிற வெள்ளைக்கழிச்சல் நோய் கோடையில் வந்தால் ஒரே வாரத்தில் கூடு மொத்தமும் காலியாகிவிடும், வந்த பிறகு மருந்தும் கிடையாது. கால்நடை பராமரிப்புத் துறை பெரும்பாலும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தும், இலவசம்தான், பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் தேதி கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி போடுவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால் குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுவது நல்லது. உடம்பு சரியில்லாமல் உறங்கி வழிகிற கோழிக்கு அன்று ஊசி வேண்டாம்.

2. பழைய செடியை எடுங்கள், கோழியை உள்ளே விடுங்கள்

முற்றிய அவரை நெற்றுகளை விதைக்கு எடுத்து வைத்துக்கொண்டு மிச்சக் கொடியை இழுத்துப் போடுங்கள். கத்தரி, தக்காளியில் வாடல் நோய் வந்த செடி இருந்தால் அதை மட்டும் தனியாக எரித்துவிடுங்கள், குப்பைக்குழிக்குப் போகக்கூடாது. முருங்கையை இப்போது தொடாதீர்கள், பூவும் பிஞ்சுமாக இருக்கிற நேரம், காய்ப்பு ஓய்ந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

இடம் காலியானதும் முந்தின நாள் சாயங்காலம் பாத்தியில் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். ஈரம் பட்டால் புழு பூச்சி மேலே வரும், களை விதையும் முளைக்கத் தொடங்கும், அப்புறம் காலையில் கோழியைத் திறந்துவிட்டால் போதும், வேறு எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ப்புழுக்களின் கூட்டுப்புழு மண்ணுக்குள் மேலாகத்தான் கிடக்கும், கோழி கிளறுவதும் அந்த ஆழம்தான். ஒரு பாத்தியில் ஒரு வாரம், பத்து நாள் விட்டால் நன்றாகக் கிளறிவிடும். இடம் பெரிதாக இருந்தால் நைலான் வலையால் நாலு பக்கமும் மறித்து ஒவ்வொரு துண்டாக விடுங்கள், இல்லாவிட்டால் பிடித்த மூலையையே குழி பறித்துக்கொண்டிருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அண்மையில் பூச்சிமருந்து அடித்த பாத்தி என்றால் கோழியை விடவே கூடாது. கடையில் வாங்கும் விதை ரோஸ் நிறத்திலோ நீல நிறத்திலோ இருந்தால் அது பூஞ்சாண மருந்தில் புரட்டியது, ஒரு கைப்பிடி சிந்தினாலும் ஆபத்து. பாக்கெட்டை உயரத்தில் வையுங்கள்.

3. கூட்டைச் சுத்தம் செய்து எருக்குவியல் போடுவது

தொடக்கக்காரர்கள் இடறுகிற இடம் இதுதான். கோழி எருவில் தழைச்சத்து (நைட்ரஜன்) மாட்டுச் சாணத்தைவிடப் பல மடங்கு அதிகம், அதனால் கூட்டிலிருந்து அள்ளி நேராகச் செடியடியில் போட்டால் செடி கருகும். கீரை மாதிரி அப்படியே பறித்துச் சமைக்கிற பயிருக்குப் பச்சை எரு போடுவது உடம்புக்கும் நல்லதில்லை. மக்க வைத்துத்தான் போட வேண்டும். மாசியில் குவித்தால் வைகாசி வாக்கில் தயாராகும். ஆக, இன்றைக்கு அள்ளுகிற எரு இந்தக் கோடைப் பயிருக்கு இல்லை, ஆடிப்பட்டத்துக்கு.

நல்ல வேளையாக, குவியலுக்கு வேண்டிய மற்றதெல்லாம் இந்த மாதத்தில் தானாகவே கிடைக்கும். வேம்பும் புங்கனும் இலை கொட்டுகிற காலம், சம்பா அறுவடை முடிந்து வைக்கோலும் உமியும் மலிவாக இருக்கும். ஒரு பங்கு கோழி எருவுக்கு இரண்டு, மூன்று பங்கு காய்ந்த சருகு என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். நிழலான இடமாக இருக்கட்டும், மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரமாவது வேண்டும், அதைவிடச் சிறிதாக இருந்தால் உள்ளே சூடு ஏறாது. ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள்: பிடித்த பிடியில் நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. மூன்று நான்கு நாளில் கையை உள்ளே விட்டால் சுடும். வாரம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். மூக்கைத் துளைக்கிற நெடி அடித்தால் எரு அதிகம், இன்னும் சருகு சேருங்கள். பல நாள் ஆகியும் சூடே இல்லை என்றால் ஒன்று ஈரம் போதவில்லை, இல்லை சருகு மிஞ்சிவிட்டது.

கூட்டின் தரையைச் சுரண்டிச் சுண்ணாம்பு தூவி, இரண்டு மூன்று அங்குலத்துக்குப் புது உமியோ கடலைத் தோலோ பரப்புங்கள். மூலையில் அடுப்புச் சாம்பலும் மண்ணும் கலந்து கொட்டி வைத்தால் அதிலேயே புரண்டு பேன், செள்ளு மாதிரி பூச்சிகளைக் கோழியே பார்த்துக்கொள்ளும்.

4. பாத்தி கட்டி விதைப்பது

கோழி கிளறியதை நம்பி நேராக விதைத்துவிடாதீர்கள், அது மேல்மண் மட்டும்தான். ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்தி, மக்கிய மாட்டுச் சாண எருவும் ஒன்றிரண்டு பிடி வேப்பம்பிண்ணாக்கும் கலந்துவிடுங்கள். மழைக்காலத்தில் மேட்டுப்பாத்தி போட்டிருப்பீர்கள், இப்போது அதற்கு நேர்மாறாக, பாத்தி தாழ்ந்தும் வரப்பு உயர்ந்தும் இருக்க வேண்டும், அப்போதுதான் ஊற்றுகிற தண்ணீர் அங்கேயே நிற்கும்.

எதை விதைப்பது? வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, சிறுகீரை, வெள்ளரி, சுரை, பீர்க்கு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் தேர்வு வெண்டையும் கீரையும் மட்டும்தான், இரண்டும் ஏமாற்றாது. வெண்டை விதையை இரவு ஊறவைத்து, ஒன்றரை அடி வரிசை இடைவெளியில் ஒரு அடிக்கு இரண்டு விதையாக அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள், முளைத்ததும் ஒன்றை எடுத்துவிடலாம். நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் காய். கீரை விதையை மணலோடு கலந்து தூவுங்கள், எறும்பு இழுத்துப் போகிற இடமாக இருந்தால் வரப்பு ஓரமாகக் கொஞ்சம் நொய் போட்டு வையுங்கள், அதை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். கொடி வகைகளைத் தள்ளிப்போடாதீர்கள். வெயில் உச்சிக்குப் போனால் ஆண் பூவாகவே பூத்துத் தள்ளும், பிஞ்சு குறையும். நாட்டு அவரை விதையை இப்போது போட்டால் கொடி மட்டும் ஓடும், பகல் பொழுது குறைகிற காலம் வந்தால்தான் பூ எடுக்கும், எனவே எடுத்து வைத்த விதை ஆடி வரை சாம்பலில் புரட்டி டப்பாவில் இருக்கட்டும்.

5. இனி கோழிக்கு வாசல் அடைப்பு

விதைத்த அன்றே அடைக்க வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றால் பார்க்க ஒன்றும் இருக்காது. நாட்டுக்கோழி நன்றாகப் பறக்கும், இரண்டடி வேலி அதற்கு ஒரு வேலியே இல்லை. ஐந்தடி வலை, அடியில் கல் வைத்து இறுக்குவது, இதுதான் உத்தரவாதம். செலவு வேண்டாம் என்றால் சீமைக்கருவேல முள்ளை விதைத்த பாத்தி மேலேயே பரப்பிவிடுங்கள், முளை நாலு விரல் உயரம் வந்ததும் எடுத்துவிடலாம். குஞ்சோடு திரிகிற தாய்க்கோழியைப் பஞ்சாரத்தில் (கோழி அடைக்கும் பின்னல் கூடை) கவிழ்த்து வையுங்கள், குஞ்சு சுற்றி மேயும், தாய் கிளறாது.

6. அடை வைப்பதும் வெயில் ஏற்பாடும்

அடைக்கு உட்காரும் கோழி இருந்தால் மாசியிலேயே வைத்துவிடுங்கள், 21 நாள் கணக்கு, பங்குனியில் குஞ்சு இறங்கிவிடும். சித்திரை வெயிலில் வெளியே கிடக்கிற முட்டை அடைக்கு முன்னாலேயே கெட்டுப்போகும். ஒரு வாரத்துக்கு மேல் பழைய முட்டை வேண்டாம், ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு போதும்.

குஞ்சுத் தீனிக்குக் கரையான் பிடிக்கிற வழி தெரியுமா? பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் பானைக்குள் மொய்த்துக் கிடக்கும், அப்படியே குஞ்சுகள் முன்னால் தட்டிவிட வேண்டியதுதான். வெயில் ஏறினால் உள்ளே போய்விடும், அதனால் விடியற்காலையிலேயே எடுங்கள்.

கோழிக்கு வேர்வை கிடையாது, வாயைப் பிளந்து இரைத்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். மண் தொட்டியில் நிழலில் தண்ணீர், மதியம் ஒருமுறை மாற்றுவது, தீவனம் காலையிலும் சாயங்காலமும் மட்டும்.

வெண்டை இடுப்பு உயரம் வந்ததும் மறுபடி கோழியை விடலாம், ஆனால் நாள் முழுக்க வேண்டாம். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்துவிடுங்கள், புழுவைப் பொறுக்கிவிட்டு, செடியைக் கிளற நேரம் கிடைப்பதற்குள் இருட்டிவிடும், தானாகவே கூட்டுக்குப் போய்விடும். கீரைப் பாத்திக்கு மட்டும் இந்தச் சலுகை எந்த மாதத்திலும் கிடையாது.